ஐயாத்துரை வீட்டுக் கதிரையும் தீவுக் குதிரையும்

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த துணியோடு வடக்கே அக்கராயன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்த சுடலைமுத்துவிடம் இருந்த சொத்து இரண்டு. ஒன்று மனைவி வீரம்மா. மற்றது ஒரு பொய்.

பொய் பெரிதில்லை. தோட்டத்துத் துரையின் குதிரையை ஓட்டியவன் தான்தான் என்பது. உண்மையில் துரையின் லாயத்தில் புல் போடுவதும் லத்தி அள்ளுவதும்தான் அவன் வேலை. பன்னிரண்டு வயதில் அந்தக் குதிரை விலாவில் ஒரு உதை விட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக, குதிரை வாலை ஆட்டினாலே அவன் நாலடி பின்னால் போவான்.

ஆனால் அந்தப் பொய் அவனுக்கு உட்கார ஒரு கதிரை வாங்கிக் கொடுத்தது. ஊரில் நாற்பது ஏக்கர் வயலும், ஒரு டிராக்டரும், கோயில் தர்மகர்த்தா பதவியும் வைத்திருந்தவர் ஐயாத்துரை. மலையகத்திலிருந்து வந்தவர்கள் அவருடைய வேலிப் படலைக்கு வெளியே நின்றுதான் கதைக்க வேண்டும். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று வேலிக் கதியாலில் ஒரு தகரப் பேணி செருகியிருக்கும். ஒருநாள் அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டே சுடலைமுத்து துரையின் குதிரையைப் பற்றி எடுத்துவிட்டான். பெரிய மனுசத்தனம் என்றால் ஐயாத்துரைக்கு நாக்கில் நீர் ஊறும்.

"உள்ள வாங்கோ முத்தர். இருந்து சொல்லுங்கோ," என்றார்.

அன்றைக்கு விறாந்தையில் போட்ட கதிரை மூன்று வருடம் அவனுக்கென்றே கிடந்தது. மலையகத்தார் வேறு யாருக்கும் அந்த விறாந்தையில் இடமில்லை. வீரம்மாவுக்கு உண்மை தெரியும். "உக்காந்திருக்கிறது பொய் மேலங்க. பாத்து உக்காருங்க," என்பாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எண்பதாம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் ஐயாத்துரை வீட்டு வாசலில் ஒரு லொறி நின்றது. லொறிக்குள் நெடுந்தீவுக் குதிரையொன்று நின்றது. ஆடியில் வரும் வேட்டைத் திருவிழா ஐயாத்துரையின் உபயம். சாமி மரக்குதிரையில் வரும்போது அதற்கு முன்னால் தான் உயிர்க்குதிரையில் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாமிக்குக்கூட வராத ஆசை.

"முத்தர், மூண்டு கிழமை இருக்கு. முதல்ல நீங்கள் ஏறிப் பழக்குங்கோ. பிறகு எனக்குக் காட்டித் தாங்கோ. உங்களுக்கு இது கைவந்த வேலைதானே."

"ஓமுங்க," என்றான் சுடலைமுத்து. ஏறாவிட்டால் பொய் வெளிவரும். பொய் வெளிவந்தால் மறுபடியும் படலை, மறுபடியும் பேணி.

ஊர் உண்டுவிட்டுக் கண்ணயரும் உச்சி வெயிலில், வற்றிக் கிடந்த குளத்துத் தரைக்குக் குதிரையைக் கொண்டுபோனான். "ஆள் பார்த்தா குதிரை மிரளும்" என்று ஊருக்குச் சொல்லிவைத்தான். மிரண்டது யார் என்பது வீரம்மாவுக்குத்தான் தெரியும். மூன்று நாள் புல்லைப் போட்டுவிட்டுப் பத்து முழம் தள்ளி நின்றான். நாலாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்கள ஒதைச்சது அந்தக் குதிர. முப்பது வருசத்துக்கு முந்தி. அது செத்து மண்ணாப் போயிருக்கும். அதுக்கு இது என்னா பண்ணும்?"

நியாயமான கேள்வி. ஏறினான். வீரம்மா கயிற்றைப் பிடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடரிமயிரைப் பிடித்தான். கண்ணைத் திறக்க அரை மணித்தியாலம் சென்றது. அடுத்த பத்து நாளில் ஏழு முறை விழுந்தான். ஐந்தாம் முறை விழுந்தபோது சிரிப்பு வந்தது. விலாவில் இருந்த பயம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது. கால் அணைத்தால் போகும், கயிறு இழுத்தால் நிற்கும், துரை சொல்வதுபோல "ஸ்டெடி, ஸ்டெடி" என்றால் அடங்கும் என்று கண்டுபிடித்தான். ஏறவும் ஓட்டவும் வந்துவிட்டது. இறங்கத்தான் வரவில்லை. வீரம்மா தலைக்கயிற்றைப் பிடித்தால் ஒழிய அவனுக்குக் கால் கீழே வராது.

மாணவராய் வந்த ஐயாத்துரையின் சங்கதியைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. முற்றத்தில் நாலு சுற்றுச் சுற்றினார். நாலிலும் சுடலைமுத்துவின் தோளைத்தான் பிடித்திருந்தார், கடிவாளத்தை அல்ல.

திருவிழா அன்று பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக ஐயாத்துரை குதிரையில் ஏறினார். சாமி புறப்பட்டது. மேளம் முழங்கியது. முதல் வெடி வெடித்ததும் குதிரை முன்னங்காலைத் தூக்கியது. ஐயாத்துரை பின்பக்கமாக வழுக்கி, தலைப்பாகை ஒருபக்கம் தான் ஒருபக்கமாக மண்ணில் இருந்தார். சனம் சிதறி ஓடியது.

"முத்தர், ஏறி அடக்குங்கோ," என்று கத்தினார்.

சுடலைமுத்து தேர்முட்டிப் படியில் கால் வைத்து ஏறினான். யோசிக்க நேரமிருந்தால் ஏறியிருக்க மாட்டான். "ஸ்டெடி" என்றான். இரண்டு சுற்று, குதிரை அடங்கி நின்றது. மூன்று வருடம் சொன்ன பொய் அந்த இடத்தில் உண்மையானது. அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. யாராவது கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தான்.

யாரும் தட்டவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்," என்றது ஒரு குரல். பட்டப்பகலில் தலைப்பாகையோடு விழுந்தவரைப் பற்றி யாரும் பழமொழி சொல்லவில்லை.

ஐயாத்துரை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "டேய் முத்து, சாமிக்கு முன்னால உனக்கென்ன சவாரி? இறங்கடா."

பொய்யாக ஏறியிருந்தவரை முத்தர். மெய்யாக ஏறியதும் டேய் முத்து.

அவனுக்கு இறங்க மனசுதான். நாற்பது வருடப் பழக்கம், கால் தானாகவே கூசியது. ஆனால் இறங்கத் தெரியாதே. அதை எப்படிச் சொல்வது? குதிரையைத் திருப்பி வீரம்மாவைத் தேடி வீட்டுப்பக்கம் விட்டான்.

"திமிரைப் பாருங்கோ. இனி என்ர படலைக்குள்ள கால் வைக்காதை," என்றார் ஐயாத்துரை பின்னால்.

அவர் வீட்டு வேலியைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தான். குதிரையிலிருந்து விறாந்தை முழுக்கத் தெரிந்தது. கதிரை சும்மா கிடந்தது. அதில் ஒரு கால் குட்டை. அது ஆடிவிடாமல் மூன்று வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வீரம்மா வாசலிலிருந்து ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். "புடிச்சுக்கிட்டேன். எறங்குங்க."

"விடு புள்ள. எறங்குறப்ப நானே எறங்கிக்கிறேன்," என்று குளப்பக்கம் போனான்.

குளக்கட்டில் தனியாகவே இறங்கினான். விழுந்துதான் இறங்கினான். பொழுது சாயக் குதிரையை நடத்திக் கொண்டுவந்து, பேணி செருகியிருந்த அதே கதியாலில் கட்டினான். உள்ளேயிருந்து யாரோ தேத்தண்ணி வேணுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தான்.