செட்டக்காவும் ஐந்து லிட்டரும்

பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை. அதன்மேல் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். எந்த வாய்க்கு எந்தப் பல் என்று பார்த்து, ரோஜா நிற மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, கடித்துப் பார்க்கச் சொல்லி, சரியில்லை என்றால் பிடுங்கி மறுபடி நட்டு, பல் செட் செய்து கொடுப்பது அவள் வேலை. மருத்துவரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் செட்டக்கா.

நாற்பத்தொரு வயதுவரை அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கிய நாலாம் மாதம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வண்டி கொட்டகையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. "பேட்டரி செத்துடும்மா, தினம் ஒரு தடவை உதைச்சு மட்டும் விடு" என்றார். உதைத்தாள். உதைத்துவிட்டுச் சும்மா இறங்க மனம் வரவில்லை. முதல் வாரம் முற்றத்தில் ஒரு சுற்று, அடுத்த வாரம் தெரு முனை, அப்புறம் சந்தை வரை. ஆறு மாதத்தில் வேலைக்கே அதில்தான் போனாள். வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளிகள்கூட, அந்தச் சத்தம் கேட்டால் "அக்கா வந்தாச்சு" என்று கையைத் தூக்கினார்கள்.

பின் சீட்டுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தி அலுத்துப்போயிருந்த நாத்தனார், "அண்ணி, என்னையும் ஏத்திக்கோங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இருவரும் முதன்முதலில் தூரமாகப் போனது ஒரு ஏரியைப் பார்க்க. அந்தப் பழைய வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. வழியில் பெட்ரோல் பங்கே தென்படாமல் போகவும் செட்டக்காவுக்குக் கவலை வந்துவிட்டது. பத்து கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி, மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் என்னவோ தீரவில்லை. வீடு திரும்பியதும், "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று அண்ணன் கேட்டதற்கு நாத்தனார் சொன்னாள்: "யாருக்குத் தெரியும்? நாங்க ரெண்டு பேரும் பெட்ரோல் டேங்குக்குள்ள எட்டிப் பார்த்துட்டு வந்தோம்."

அந்த வாரமே செட்டக்கா ஒரு தகர டப்பா வாங்கினாள். ரப்பர் வளையம் வைத்த மூடி, ஆறு லிட்டர் கொள்ளும். ஐந்துதான் ஊற்றுவாள், வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். புகைக்குழாய் இல்லாத பக்கமாக, இரண்டு வாரில் அசையாமல் கட்டுவாள். பங்கில் நிரப்பும்போது அவிழ்த்துத் தரையில் வைத்துத்தான் நிரப்பச் சொல்வாள். ஊர் திரும்பியதும் மிச்சத்தை வண்டித் தொட்டியில் ஊற்றிவிட்டு, டப்பாவைக் கொட்டகைக்கு வெளியே கவிழ்த்து வைப்பாள். மெழுகில் ஒரு மயிரிழை பிசகினாலும் பல் கடிக்காது என்று பழகிய கை. வேறு எப்படிச் செய்யும்?

அதன்பிறகு ஐந்து வருஷம் மலை, அணை, அருவி என்று சுற்றினார்கள். ஒருமுறைகூட அந்த ஐந்து லிட்டர் தேவைப்படவில்லை. நாத்தனார் அவளுக்கு டேங்கர் அண்ணி என்று பெயர் வைத்தாள். செட்டக்கா சிரித்துக்கொள்வாள். டப்பா பின்னால் இருக்கிறது என்கிற தைரியத்தில்தானே வழியில் கொக்கைப் பார்க்க முடிகிறது, மேகத்தைப் பார்க்க முடிகிறது.

இந்த வருஷம் கலங்கரை விளக்கம் என்று முடிவாயிற்று. விடிந்ததும் கிளம்பினார்கள். நூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் ஒரு பங்கு, அதற்கப்புறம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை, பிறகு கடலோரத்தில் ஒன்று. வண்டியின் தொட்டி ஒன்பது லிட்டர். இரண்டு பேரோடு லிட்டருக்கு இருபத்தெட்டு கொடுக்கும்.

முதல் பங்கில் கயிறு கட்டி, "வேலை நடக்கிறது" என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள்.

"திரும்பிடலாமா அண்ணி?"

"எதுக்கு? அஞ்சு வருஷமா இதைச் சும்மாவா சுமக்கிறோம்?" என்று செட்டக்கா டப்பாவைத் தட்டினாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே குஷி.

இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனதும் பொட்டல்வெளி. மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. சாலை ஓரத்தில் ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. அதன்மேல் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பெண் குடத்திலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு பெட்டிகள்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர், தலையில் துண்டோடு, நடுச் சாலைக்கே ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

வண்டியை நிறுத்தியதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"தேனீங்கம்மா" என்றார் அவர். "இருபத்துநாலு பெட்டி. பூ இருக்கிற காட்டுக்குக் கொண்டுபோறோம். விடியறதுக்குள்ள சேர்ந்திருக்கணும். டயர் வெடிச்சதுல நேரமாயிடுச்சு. இப்ப பெட்ரோலும் தீர்ந்துபோச்சு. பாதி டேங்க் இருக்குன்னு முள்ளு காட்டுதேன்னு நம்பிட்டேன், அது ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஓடிக்கிட்டிருந்தா காத்துப் படும்" என்றாள் அவர் மனைவி, தெளிப்பதை நிறுத்தாமலே. "நின்னுட்டா உள்ள சூடேறும். மெழுகு இளகிடும். எல்லாம் அதுலயே ஒட்டிக்கிட்டுச் செத்துடும்கா. தண்ணி இன்னும் கால் குடம்தான் இருக்கு."

மெழுகு இளகினால் என்ன ஆகும் என்று செட்டக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன கோடையில் மேஜைமேல் வைத்த ஒரு முழு செட் வெயில் பட்டு வழிந்து, பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனதைப் பார்த்தவள்.

"உங்க வண்டி டீசலா, பெட்ரோலா?"

"பெட்ரோல்தாம்மா."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"அம்பத்தஞ்சு. இந்தச் சுமையோட லிட்டருக்குப் பதினொண்ணுதான் வரும்."

அஞ்சு லிட்டரும் வேண்டும். சொட்டு மிச்சம் வைக்க வழியில்லை. அவள் மனதுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. தன் தொட்டியில் நூறு கிலோமீட்டருக்கு இருக்கிறது. கடலோரப் பங்குக்கு இன்னும் நூற்றுப் பத்து.

"உங்களுக்கு வேணுமே?" என்று தேன்காரர் தயங்கினார்.

"எங்களுக்குத் தாராளமா இருக்கு" என்றாள் செட்டக்கா. பின்னால் நாத்தனாருக்கு இருமல் வந்தது.

வாரை அவிழ்த்து, டப்பாவை இறக்கி, லோடு வண்டியில் புனலை வைத்து அவளே ஊற்றினாள். பெட்டியிலிருந்து எப்படியோ தப்பிவந்த ஒரு தேனீ நாத்தனாரின் காது மடலில் உட்கார்ந்து கொட்டிவிட்டது. நாத்தனார் சாலையில் ஆடிய ஆட்டத்தில் தேன்காரரின் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. லோடு வண்டி மூன்று முறை இருமி, நாலாவது முறை உயிர் பெற்றது. தேன்காரர் செட்டக்காவின் போன் நம்பரைக் கையிலேயே எழுதிக்கொண்டு, கும்பிடக்கூட நேரமில்லாமல் பறந்தார்.

தூசி அடங்கியதும் நாத்தனார் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, தாராளம்னா எவ்வளவு?"

"பத்து கிலோமீட்டர் குறைவு."

"அட டேங்கரே!"

"மெதுவாப் போனா இழுத்துடலாம். நீ ஆடாம அசையாம உட்காரு. கனம் குறைஞ்சா நல்லது."

நாத்தனார் உடனே பையைத் திறந்து, கொண்டுவந்த ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட ஆரம்பித்தாள். "கனத்தைக் குறைக்கிறேன்" என்றாள் வாய் நிறைய. "அது உன் வயித்துக்குள்ளதானே போகுது!" என்று செட்டக்கா சிரித்த சிரிப்பில் வண்டியே ஒருமுறை வளைந்தது.

நாற்பத்தைந்து வேகத்துக்கு மேல் அவள் போகவில்லை. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்தாள். எதிர்க்காற்று அடித்தால் இருவரும் முன்னால் குனிந்துகொண்டார்கள். மாட்டு வண்டி ஒன்றுதான் இவர்களை முந்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த முறை அவளுக்கு மூடியைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை. கொடுத்தாயிற்று. இனி நடக்கிறது நடக்கட்டும்.

லோடு வண்டியை விட்டு வந்த நூற்று ஏழாவது கிலோமீட்டரில், ஒரு மேட்டின் உச்சியில், இன்ஜின் விக்கிவிட்டு நின்றது. செட்டக்காவின் வாழ்நாளில் முதன்முறையாகப் பெட்ரோல் தீர்ந்தது. காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கடல், வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு. சாலை அதை நோக்கி ஒரே இறக்கமாக இறங்கியது.

"பிடிச்சுக்கோ" என்றாள்.

சத்தமே இல்லாமல் வண்டி உருண்டது. டயர் தார்ச்சாலையில் உரசும் ஓசை, காற்று, எங்கோ பறவைகள் கத்துவது. நாத்தனார் இரண்டு கையையும் விரித்து, தபால் நிலையத்தில் ஒருநாளும் கேட்டிராத குரலில் கூவினாள். செட்டக்காவும் கூவினாள். வேலிக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் காரணம் தெரியாமலே கை அசைத்தாள். பிரேக்கைத் தொடாமல் இரண்டரை கிலோமீட்டர். கடைசி அரை கிலோமீட்டர் சமதளம். இறங்கித் தள்ளினார்கள், தள்ளுவதும் சிரிப்பதும், சிரித்துச் சிரித்து வலு இல்லாமல் நிற்பதும், மறுபடி தள்ளுவதுமாகப் பங்குக்குள் நுழைந்தார்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நீயா? பெட்ரோல் இல்லாமலா?" என்றவர் அவ்வளவு நேரம் சிரித்ததில் முதுகு மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்று அவள் பயந்துபோனாள்.

கலங்கரை விளக்கத்தை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டார்கள். நூற்று அறுபது படி. உச்சி வளையத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றபோது போன் அடித்தது.

"அக்கா, நான்தான்" என்றாள் தேன்காரரின் மனைவி. "எல்லாத்தையும் இறக்கியாச்சு. ரெண்டு பெட்டிதான் கொஞ்சம் சோர்ந்து கிடக்கு, அதுவும் தேறிடும்னு இவர் சொல்றார். மத்ததெல்லாம் பூவுக்குப் போயிடுச்சு. இருங்க, கேளுங்க."

அவள் போனைப் பெட்டியின் வாசல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். செட்டக்கா காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போனைத் தனக்கும் நாத்தனாருக்கும் நடுவில் பிடித்தாள். வீங்கிய காதை நாத்தனார் மெல்ல அருகே கொண்டுவந்தாள். 'ம்ம்ம்' என்று கேட்டது. காலையில் கேட்ட மாதிரி இல்லை, விட்டு விட்டு, போவதும் வருவதுமாக, வேலை மும்முரத்தில் இருக்கிற சத்தம். கீழே அலை அடித்தது. இரண்டு பேரும் அசையாமல் நின்று கேட்டார்கள்.