கிடாய்க்குத் தெரிந்த என் இங்கிலீஷ்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முனியப்பன் கோவிலில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் ஒரு கிடாய் என் மானத்தை வாங்கிவிட்டது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து, இன்று திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஒரே குறை, இங்கிலீஷ். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் மருமகள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். என் கம்பெனியில் நானே பொம்மையா? அவளிடமே டியூஷனில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை பையர் வருகிறார், பெரிய ஆர்டர், நான்தான் பேசப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியும்விட்டேன்.

அதற்கு முனியப்பன் உத்தரவு மட்டும்தான் பாக்கி. எங்கள் பக்கம் கிடாய் மேல் தீர்த்தம் தெளித்துக் காத்திருப்போம். அது உடம்பை உதறினால் சாமி சம்மதம். உதறாவிட்டால் வெட்டும் இல்லை, விருந்தும் இல்லை.

தெளித்தார்கள். கிடாய் என்னையே பார்த்தது.

"குடத்தோட ஊத்துங்க பூசாரி!"

ஊற்றினார். நனைந்தபடியே கழுத்து மாலையை மென்றது.

"சாமிக்கு என்னமோ சங்கடமுங்க… வேண்டுதல மாத்திப் பாருங்க" என்றார் பூசாரி.

"முனியப்பனுக்கு உங்க இங்கிலீசு தெரிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க" – இது என் மனைவி.

மச்சினனுக்குப் பசி. "ஏனுங் மச்சான், நாளைக்கு ஒரு நாளு வாய மூடிக்கறேன்னு சொல்லிப்போடுங்க. எலையாச்சும் போடட்டும்!"

நானா? வாயையா?

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேறு வழி? கண்ணை மூடினேன். 'சாமி, நான் இன்னும் தயாராகவில்லை. நீ சொல்லும்போது பேசுகிறேன். நாளைக்கு மருமகளே பேசட்டும்.'

உதறியது பாருங்கள்… என் பட்டு வேட்டியெல்லாம் தண்ணீர்!

திங்கட்கிழமை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரக்கைச் சீக்கிரமே அனுப்ப முடியுமா என்று பையர் கேட்டார். 'எஸ் சார், நோ ப்ராப்ளம்!' – தொண்டை வரை வந்துவிட்டது. மருமகளோ முடியாது என்றாள். அவசரப்பட்டால் சாயம் நிற்காது என்று நிதானமாக விளக்கினாள். பையர் யோசித்தார்… ஆர்டரைக் கொடுத்தார்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாமா?" என்று கேட்டாள். நான் அவசரமாக டீ குடித்தேன்.

'எஸ்' சொல்லப் படித்துவிட்டேன். 'நோ' சொல்லும் பாடத்துக்கு இன்னும் வரவேயில்லை. அது முனியப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. சாமி காக்க வைத்தால் கைவிட்டதாக அர்த்தமில்லைங்க… இன்னும் கொஞ்சம் படி என்கிறது, அவ்வளவுதான்.

சாமியை நம்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் டெஸ்ட் வைக்கிற அன்றைக்கு மட்டும் கம்பெனிக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுகிறேன்!