கியோட்டோவில் கால் கழுவியவர்

பேர்லின் நொய்கெல்னில் எங்கள் தமிழ்க்கடை இருந்த இடத்தில் இப்போது யப்பான் தேநீர் விற்கிறார்கள். கருவாடும் முருங்கைக்காயும் கிடந்த தட்டுகளில் பச்சைத்தூள் டப்பாக்கள். தாடி வைத்த ஒருவர் அந்தத் தூளை மூங்கில் குச்சியால் கலக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார், கண்ணை வேறு மூடிக்கொள்கிறார். குடித்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர், வேறென்ன. ஆனால் அந்த மணம் ஏறியதும் கியோட்டோ ஞாபகம் வந்துவிட்டது.

கியோட்டோவுக்கு நான் போனது சிவராசா அண்ணையோடு. எனக்கு அவர் உறவுமில்லை, ஊருமில்லை. பேர்லினுக்கு வந்த புதிதில் நான் குளிரில் விறைத்துக்கொண்டு ஓர் உணவகத்தின் பின்வாசலில் நின்றபோது, உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அவர். என் பெயரைக்கூடக் கேட்காமல் முதலாளியிடம் இழுத்துப்போய், "மைன் புறூடர்" என்றார். என் சகோதரன் என்று அர்த்தம். அந்த ஒரு பொய்யில் எனக்கு வேலை கிடைத்தது. பிறகு நான் படித்து, அலுவலகத்துக்குப் போய், கழுத்துப்பட்டி கட்டி, ஒரு மாதிரியான ஆளாகிவிட்டேன். எப்படியான ஆள் என்று இப்போது பாருங்கள்.

யப்பான் தோட்டங்களைப் பற்றி மூன்று ஜேர்மன் புத்தகங்கள் வாசித்துவிட்டுப் போயிருந்தேன். அண்ணை சோற்றோடு தொட்டுக்கொள்ள ஒரு போத்தல் இடிச்ச சம்பல் கொண்டுவந்திருந்தார். கியோட்டோ முழுக்கக் கூட்டம். வாடகைக்கு எடுத்த கிமோனோ உடுப்பில் நடக்கத் தெரியாமல் நடந்து படமெடுப்பவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல். ஒரு கோயிலின் கல் தோட்டத்துக்கு முன்னால் ஜேர்மன் தம்பதி ஒன்று பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது வாரிவிட்ட கூழாங்கல் மட்டுந்தான். அண்ணை மட்டும் வாய்விட்டுக் கேட்டார்: "இதில என்ன தம்பி பாக்கிறது? ஒரு பூங்கண்டுமில்லை." எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கோயில் வாசலில் ஒரு கல்தொட்டி, மேலே மூங்கில் அகப்பைகள். கையும் வாயும் கழுவுவதற்கான தண்ணீர் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அண்ணையிடம் சொல்லத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால், மனிதர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, குதிக்காலைத் தொட்டி விளிம்பில் வைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்.

"கோயிலுக்க போகமுதல் கால் கழுவவேணுமெல்லே? நீயும் வா தம்பி!"

கைத்தொலைபேசிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அங்கேயும் வந்து சேர்ந்திருந்த அந்த ஜேர்மன் தம்பதியும் பார்த்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண் என்னிடம் வந்து, இவர் உங்களோடு வந்தவரா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை, இவரை எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் எனக்குத் தலைகுனிந்துவிட்டுப் போய், இடுப்பில் செருகியிருந்த துவாயை அண்ணையிடம் கொடுத்தாள். அவர் துடைத்து முடியும்வரை காத்து நின்றாள். அதன்பிறகுதான் தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. அங்கே அருவருப்போடு நின்ற ஒரே ஆள் நான்தான்.

அண்ணை இரண்டடி தள்ளித்தான் நின்றார்; உணவகத்தில் இருபது வருடம் நின்றவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காதா? ரயிலில் நான், "அண்ணை, அது வந்து..." என்று இழுத்தேன். அவர் சம்பல் போத்தலைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி என் சோற்றுப் பெட்டியில் வைத்தார்.

"பரவாயில்லை. சாப்பிடுங்கோ."

என்னிடம் அவர் அப்படி மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

இப்போது அவர் ஸ்டுட்கார்ட்டில், மகளோடு. கடை போனதில் எனக்கு ஒரு துக்கமுமில்லை, கருவாடு அடுத்த தெருவிலும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கடையில் நின்றுகொண்டு, "தம்பி, முருங்கைக்காய் வந்திருக்கு, ஓடிவா!" என்று எனக்குத் தொலைபேசி அடித்துச் சொல்வாரே, அது இல்லை. பொங்கலுக்கு மட்டும் தொலைபேசியில் அழைக்கிறார்.

"சுகமா இருக்கிறீங்களோ?"

"ஓம் அண்ணை" என்கிறேன். அடுத்து ஒரு 'தம்பி' வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் வைத்துவிடுகிறார்.