பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும்

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். கம்பி ஒன்று போதும். மற்றக் கம்பிக்குப் பதில் சைக்கிளின் இரும்பு உடம்பு. மைனஸ் என்றால் உடம்பு, உடம்பு என்றால் சைபர் என்று மண்டையில் ஏறியது பிறகு இறங்கவேயில்லை.

போர் முடிந்த வருடம், வாவிக்கு அப்பால் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுக்கும் மின்தராசு பழுதாகிக் கிடந்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டார் யாரோ கொடுத்தது. புரோகிராம் செய்யக்கூடிய சிப் ஒன்றை வைத்து அதற்கு உயிர் கொடுத்தேன். தட்டுக்குக் கீழிருந்து பச்சை, வெள்ளை என இரண்டு கம்பிகள் நிறையைச் சொல்ல வரும். பிளஸ் பக்கத்திலிருந்து மைனஸ் பக்கத்தைக் கழித்துத்தான் சிப் அளக்கும். சைக்கிள் பழக்கத்தில் பச்சையைப் பிளஸ் என்றும் சைபரை மைனஸ் என்றும் அமைத்தேன். வெள்ளையைச் சும்மா விட்டேன்.

அங்கே குறைமாதப் பெண்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். முதல் பிள்ளையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தப் பயத்தில் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காலையில் என் தராசு இரண்டு கிலோ காட்டியது. மத்தியானம் மின்சாரம் தளர்ந்ததும் ஆயிரத்து எழுநூறு கிராம்.

"புள்ள கரையுதே!" என்று அவள் அலறினாள்.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றேன். எனக்கு வீம்புக்குக் குறைவில்லை.

பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, என்னைவிட இளையவள், என்னோடு வாய் கொடுக்கவில்லை. "வா கா" என்று உரிமையோடு தாயைக் கூட்டிப்போய், மின்சாரம் வேண்டாத, பெரியவர்கள் ஏறும் முள்தராசில் பிள்ளையோடு நிறுத்தினாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தனியே நிறுத்தினாள்.

"உன்ட நிறை எனக்கு என்னத்துக்கு? அதக் கழிச்சா புள்ளட நிறை. ரெண்டு கிலோதான், குறையல்ல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மின்சாரம் தளர்ந்தால் பச்சையும் வெள்ளையும் சேர்ந்தே இறங்கும். கழிக்க வேண்டியதைக் கழிக்காமல், எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் கட்டியிருந்தேன். மடிக்கணினியைத் திறந்து, மைனஸ் பக்கத்துக்கு வெள்ளைக் கம்பியைக் கொடுத்தேன். இரண்டுக்கும் இடையிலுள்ள துளி வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பெருக்கச் சொன்னேன்.

பிறகு தினமும் வாவியைக் கடக்கும் பாதைப்படகில் போய்ப் பார்த்தேன். மின்சாரம் ஏறி இறங்கியது, எண் ஆடவில்லை. பத்தாம் நாள் பிள்ளை இருநூறு கிராம் கூடியிருந்தது. தாய் எண்ணைப் பார்க்கவில்லை, மருத்துவமாதுவின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன், இத நம்பலாமா?" என்று மருத்துவமாது என்னைக் கேட்டாள்.

"முள்தராசிலயும் ஏத்திப் பாருங்க தங்கச்சி."

ஏற்றிப் பார்த்தாள். சரியாக இருந்தது. முதல் நாள் என் வாயை அவள் நம்பாமல் போனதற்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

அன்று பின்னேரம் தாய் பிள்ளைக்குப் பெயர் வைத்தாள். மருத்துவமாதுவின் பெயரை.