ஜப்பான் பிரதமர்களுக்குப் பதினைந்து பேர் வேண்டும்

ஜப்பானியப் பிரதமர் பதவியின் வரலாற்றைப் பாடம் நடத்திப் பிழைக்கிறவர்கள் கலிபோர்னியாவில் எத்தனை பேரோ, ஃப்ரீமான்ட் பக்கத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேர ஆசிரியை. செமஸ்டரின் முதல் வாரத்துக்குள் பதினைந்து மாணவர்கள் சேராவிட்டால் வகுப்பு ரத்து, எனக்கு வேலையும் கிடையாது. ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முருங்கைக்காய் அங்கிள்

மவுரி அவென்யூ மளிகைக் கடையில் ஒரு அங்கிள் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ஆர்வமாகத் தலையாட்டினார். சரி, ஒரு நல்ல காது கிடைத்தது என்று ஆரம்பித்தேன். ஜப்பானின் பழைய அரசியல் சட்டத்தில் பிரதமர் என்ற பதவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, சில மூத்த தலைவர்கள் கூடிப் பேசி ஆளைச் சொல்வார்கள், பேரரசர் நியமிப்பார் என்று விளக்கினேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா, டேட்டா சயின்ஸ்ல ஒரு கோர்ஸ் பண்ணிடேன். ஆறே மாசம்தான்."

தப்பான விடைத்தாள்

பகுதிநேர ஆட்களுக்கு ஆபீஸ் பிரிண்டரில் செமஸ்டருக்கு ஒரு முறைதான் அனுமதி. அதனால் கேள்வித்தாள், விடைத்தாள் எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே அச்செடுத்து வைத்துவிடுவேன். ஒரு கேள்வி, 'இப்போதைய பிரதமர் யார்?' இந்தத் தொழிலில் இருந்துகொண்டு யாராவது அப்படிக் கேட்பார்களா? நான் கேட்டேன். பரீட்சைக்குள் ஜப்பானில் ஆள் மாறிவிட்டார். பகுதிநேரமாகப் போகும் இன்னொரு காலேஜுக்கு ஓடும் இடைவெளியில், பார்க்கிங்கில் உட்கார்ந்து அந்தப் பழைய விடைத்தாளைப் பார்த்து அவசரமாகத் திருத்தியதில், புதியவர் பெயரைச் சரியாக எழுதிய ஒன்பது பேருக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன்.

நம்மூர்ப் பையன் ஒருவன் மிகவும் மரியாதையாகப் போனை நீட்டினான். "புரொபசர், யூ ஷுட் ரியலி ஃபாலோ தி நியூஸ்."

பேய்க்கு வந்த மவுசு

டீன் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். நாடாளுமன்றம் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாற்பது நிமிடம் நடத்தினேன். பாதிப் பேர் தூங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஒரு பிரதமரை இராணுவ அதிகாரிகள் அவருடைய அரசு இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள், அங்கே சீருடையில் பேய் உலாவுவதாக இன்றும் வதந்தி உண்டு என்றேன். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. பத்து வருடம் படித்த படிப்பைப் பேய் தோற்கடித்ததில் எனக்கு வயிறு எரிந்தது. டீன் என் தோளைத் தட்டினார்.

"கோர்ஸுக்கே அந்தப் பேய் பேரை வையுங்களேன், ஆள் சேரும்!"

பதினைந்தாவது பெயர்

இந்த வருடம் பதினான்கில் நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டு, பள்ளிவாசலில் பழக்கமாகி, என்னை அக்காவாக நினைத்து 'லாத்தா' என்று கூப்பிடும் பர்வீனிடம் கேட்டேன். அவள் மகள் அதே காலேஜ், டாக்டராகும் கனவில் இருப்பவள். வெள்ளி சாயங்காலம் வரை பெயர் இருந்தால் போதும், அப்புறம் விலகிக்கொள்ளட்டும் என்றேன். வியாழனன்று சேர்ந்தாள். அன்று நிம்மதியாகப் பிரியாணி செய்தேன். வெள்ளி மதியம் பட்டியலில் மறுபடி பதினான்கு.

பதறிப்போய் பர்வீனுக்குப் போன் போட்டேன். "கோவிச்சுக்காதீங்க லாத்தா. டிரான்ஸ்கிரிப்ட்ல ஜப்பான் இருந்தா மெடிக்கல் ஸ்கூல்ல கேள்வி கேப்பாங்கன்னு அவ வாப்பா டிராப் பண்ணச் சொல்லிட்டாங்க."

ஐந்து மணிக்கு வகுப்பை ரத்து செய்தார்கள். உண்மையிலேயே படிக்க வந்த அந்தப் பதினான்கு பேரை நினைத்துக் காரிலேயே அழுதேன். திங்களன்று டீனைப் பார்த்தேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வருத்தம்தான். போகும்போது பார்க்கிங் பாஸைக் கொடுத்துட்டுப் போங்க."

பதவி போன ஜப்பானியப் பிரதமருக்குக்கூட நாடாளுமன்றத்தில் உட்கார ஒரு நாற்காலி மிஞ்சும். அவர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குக் கார் நிறுத்த இடம்கூட மிஞ்சவில்லை.