ஹெஸ்டரின் கத்தரிக்கோல்

ஹோபார்ட் ஊரில் இன்றைக்குத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் வம்சத்தில் ஒரு திருடியாவது இருக்க வேண்டும். சீமையிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கப்பலில் கைதியாக வந்த பாட்டியைப் பற்றி முன்பெல்லாம் வீட்டில் மூச்சுவிட மாட்டார்கள். இப்போது அவளுக்கு வந்திருக்கும் மவுசே தனி. பிழைப்புத் தேடி ஒழுங்காகச் சீட்டு வாங்கிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான், பாவம், விருந்துகளில் வாயை மூடிக்கொண்டு கேக் தின்கிறார்கள்.

வெர்னாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற கையோடு, மலையடிவாரத்தில் இருக்கும் பழைய பெண்கள் சிறையில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டாள். ஊரார் அதைத் தொழிற்சாலை என்பார்கள். அதில் கைதிப் பெண்கள் செய்த தொழில், ஊர் அழுக்கையெல்லாம் தொட்டியில் போட்டு வெளுத்தது. இப்போது அங்கே மிச்சமிருப்பவை மதில் சுவரும் ஈரமும்தான். மத்தியானம் தாண்டினால் மலை வெயிலை மறைத்துக்கொள்ளும். பார்க்க வருகிறவர்களின் பல் தந்தியடிக்கும். வெர்னாவின் வாய் மட்டும் ஓயாது.

அவளுடைய எள்ளுப்பாட்டி ஹெஸ்டர் அங்கே இருந்தவள். அதற்கு மேல் குடும்பத்தில் யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த ஊரில் ஒரு வீடு பாட்டியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அவள் கைதி என்றுதான் அர்த்தம். வெர்னாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கைதிகளில் ஹெஸ்டர்கள் பல பேர் இருந்தார்கள். அவர்களில் மனசுக்குப் பிடித்த ஒருத்தியைத் தன் பாட்டியாக்கிக்கொண்டாள். அந்த ஹெஸ்டர் முதலில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி திருடியவளாக இருந்தாள். அடுத்த வருஷம் அது சால்வையாயிற்று. போன வருஷம் பார்த்தால் பிரபு வீட்டு வெள்ளித் தட்டு! இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் கிழவி ராணியின் கிரீடத்திலேயே கை வைத்திருப்பாள்.

இந்தக் கதைக்கெல்லாம் ஆதாரமாக வெர்னாவின் கைப்பையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. முழங்கை நீளம், கறுத்த இரும்பு, அம்மா வழியாக வந்தது. பார்வையாளர்களை மதிலோரம் நிறுத்தி, "எங்க ஹெஸ்டர் பாட்டி எதிர்த்துப் பேசினதுக்காக அவ தலையை இதாலதான் ஒட்ட வெட்டினாங்க," என்பாள். பிறகு, இடுப்புவரை தொங்கும் தன் வெள்ளைப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அதனால்தான் தங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் முடி வெட்டுவதில்லை என்று முடிப்பாள். கேட்டவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சுவார்கள்.

வருஷத்துக்கு ஒருநாள் கைதிப் பெண்களின் வாரிசுகள் அந்த மதிலுக்குள் கூடுவார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் துணித்தொப்பி தைத்து, அதில் தங்கள் பாட்டியின் பெயரைப் பின்னி, பெயரை உரக்கச் சொல்லிவிட்டுக் கல்லின்மேல் வைப்பார்கள். இந்த வருஷம் முதல் தொப்பியை வெர்னா வைப்பதென்று முடிவாகியிருந்தது. அந்தக் கூட்டம்தான் அவளுக்கு உறவு, ஊர், எல்லாம். குறிப்பாக, பக்கத்துத் தெரு க்ளெனிஸ். க்ளெனிஸின் பாட்டி ஹொனோரா அயர்லாந்துக்காரி. அந்தத் தொழிற்சாலையில் இரண்டு முறை தலைமுடியை இழந்தவள். "நம்ம ரெண்டு பாட்டியும் ஒரே தொட்டியில துவைச்சிருப்பாங்கடி," என்று வெர்னா சொல்லாத வாரம் கிடையாது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் லான்செஸ்டனிலிருந்து அக்கா டொரீன் வந்தாள். டொரீன் பழைய தினுசு. தங்கை ஊரெல்லாம் குடும்ப மானத்தைக் கடைவிரித்து விற்கிறாள் என்று அவளுக்கு ஆத்திரம். இதுவரை அந்தச் சிறை வாசலை மிதித்ததே இல்லை. வெர்னா விடாப்பிடியாக அவளை இழுத்துக்கொண்டுபோய்ப் பார்வையாளர்களோடு நிறுத்தினாள். வெள்ளித் தட்டு வந்தபோது டொரீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் வெளியே வந்தபோது பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு டொரீன் கேட்டாள். "ஏன்டி, உன் பல்லைப் பிடுங்கினவன் குறடை உன்கிட்டயே குடுத்துட்டுப் போவானா?"

வெர்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வெட்டுப்பட்டவ வீட்டுக்குக் கத்தரிக்கோல் எப்படிடி வரும்? வெட்டினவ வீட்டுலதான் இருக்கும். அவ கைதி இல்ல. மேற்பார்வைக்காரி. சம்பளத்துக்கு வந்தவ."

சாகும்முன் அம்மா டொரீனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஹெஸ்டர் கைதிகளின் தலையை ஒட்ட வெட்டியது இதே கத்தரிக்கோலால்தான். பிறகு கல்யாணமாகி அதே ஊரில் குடியிருந்தாள். விடுதலையான பெண்கள் அதே தெருவுக்குக் குடிவந்தார்கள். ரொட்டிக் கடையில் எதிரெதிரே நிற்க வேண்டிவந்தது. அதனால்தான் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள். தன் மகளின் தலையில் மட்டும் அவள் கத்தரிக்கோல் படவே விடவில்லையாம். யாராவது கேட்டால், பார்த்தது போதும் என்பாளாம். இந்த விஷயம் தெரிந்த அன்றைக்கே, அவளுக்காக நான் ஏன் முடி வளர்க்க வேண்டும் என்று டொரீன் அழகு நிலையத்துக்குப் போய்க் கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டாள். வெர்னாவிடம் சொல்லாததற்குக் காரணம், அவள் வாயில் எதுவும் தங்காது என்பதுதான்.

"நாம மரியாதையான குடும்பம்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்," என்றாள் டொரீன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உலகத்தில் எந்தப் பெண்ணாவது தன் பாட்டி திருடி இல்லையே என்று மதிலோரம் உட்கார்ந்து அழுவாளா? வெர்னா அழுதாள்.

புருஷன் க்ளைவ் நல்ல மனுஷன். சிப்பி இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தின்றுகொண்டே யோசித்து ஒரு வழி சொன்னான். "அந்தக் கத்தரிக்கோலையே அவ திருடியிருக்கலாம்ல? திருடிதானே?"

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வெர்னா இரண்டு நாள் ஓட்டினாள். ஆனால் தொப்பியில் பெயரைப் பின்ன உட்கார்ந்தால் ஊசி நகர மறுத்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் க்ளெனிஸ் முகத்தில் எப்படி முழிப்பது? ஹொனோராவின் தலையிலிருந்து விழுந்த முடி ஹெஸ்டரின் காலடியில்தானே கிடந்திருக்கும். யோசித்து யோசித்து, தொப்பியை வெறுமனே பெட்டியில் வைத்து மூடினாள்.

கூட்டத்தன்று தூறிக்கொண்டிருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெர்னா தொப்பியில்லாமல் கத்தரிக்கோலோடு போய் நின்றாள். டொரீன் பின்வரிசையில், தங்கை மானத்தை வாங்கப்போகிறாள் என்று தெரிந்து குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க ஹெஸ்டர் கைதி இல்ல," என்றாள் வெர்னா. "உங்க பாட்டிங்க தலையை வெட்டினவ அவதான். நான் இத்தனை நாள் உங்களை ஏமாத்திட்டேன். தெரியாமத்தான், ஆனா ஏமாத்திட்டேன்."

வெர்னா நேராக க்ளெனிஸிடம் போனாள். கத்தரிக்கோலை அவள் கையில் திணித்து, பின்னலை முன்னால் எடுத்து நீட்டினாள். வெட்டச் சொல்லி வாயால் கேட்க அவளுக்கு வரவில்லை.

க்ளெனிஸ் கத்தரிக்கோலை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். அது கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டது.

"இதால வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது," என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "நான் வெட்டினா இது என் வீட்டுக்குல்ல வந்துடும். வேணாம்டி. நீயே வச்சுக்கோ."

கத்தரிக்கோலை வெர்னாவின் கைப்பையிலேயே திருப்பிப் போட்டாள். ஹொனோராவின் தொப்பியை எடுத்து, ஒரு நுனியை வெர்னாவிடம் கொடுத்தாள். பெயரை நீ சொல்லு என்றாள். வெர்னா சொன்னாள். முதல் தடவை சரியாக வரவில்லை. க்ளெனிஸ் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். இருவருமாகக் கல்லின்மேல் வைத்தார்கள்.

"அதோட விட்டுடுவேன்னு நினைக்காத," என்றாள் க்ளெனிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்கு டீக்கோப்பை பூரா நீதான் கழுவற."

அதற்குப் பிறகுதான் கூட்டம் மூச்சுவிட்டுச் சிரித்தது. வேண்டுமென்றே இரண்டு இரண்டு கோப்பை டீ குடித்தார்கள். ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டித் தட்டுகள் வேறு. வெர்னா பின்னலைக் கொண்டையாக முடிந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியருகே நின்றாள். டொரீன் சும்மா நிற்கப் பொறுக்காமல் துண்டெடுத்துத் துடைக்க வந்தாள். மரியாதையான குடும்பமாம், இரண்டு பேருக்கும் முழங்கைவரை சோப்பு நுரை.

க்ளெனிஸ் வாசல் நிலையில் சாய்ந்து, கழுவி வைத்த கோப்பை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"விளிம்புல கறை இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதில் ஒரு கறையும் இல்லை. வெர்னா வாங்கி மறுபடி கழுவினாள்.