ஸ்டேபிளா, ஸ்டெடியா?

கோதாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஊசி போடும் வேலையுமில்லை, பில் போடும் வேலையுமில்லை. திருச்சியில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், ஐசியு வாசலில் நின்றுகொண்டு, டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளியின் வீட்டாருக்குத் தமிழில் சொல்லவேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து, பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கேட்டால் சுலபமான வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்த டாக்டர் இருக்கிறாரே, மகா கெட்டிக்காரர், வார்த்தைக்கு மட்டும் பஞ்சம். காலையில் ரவுண்ட்ஸ் முடித்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். "ஸ்டேபிள்" என்பார். லிஃப்டுக்குள் போய்விடுவார். விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த குடும்பம் அந்த ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும். பிறகு எல்லோரும் கோதாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் ஒன்றும் தெரியாது. லால்குடிப் பக்கத்திலிருந்து அற்புதசாமி என்று ஒரு விவசாயி. மனைவி உள்ளே கிடந்தாள், மகன் சவூதியில். "பையனை வரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். "ஸ்டேபிளா இருக்காங்கய்யா, பயப்படாதீங்க" என்று கோதா சிரித்த முகத்தோடு சொன்னாள். சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த பயிற்சி. அவர் மகனை வரவேண்டாம் என்று தடுத்துவிட்டார். அந்த அம்மாள் அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். மகன் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அற்புதசாமி திரும்ப வந்தார். சண்டை போட வரவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்? பையன் கேக்கறான். எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். கோதாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் உள்ளே இருந்த சீனியர் நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் விளக்கினாள். ஸ்டேபிள் என்றால், மருந்தும் மெஷினும் ஆளைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன, இன்னும் கீழே விழவில்லை, அவ்வளவுதான். தேறுகிறார் என்று அதற்கு அர்த்தமே கிடையாது. தானாகவே மெல்ல மெல்ல ஏறி வந்தால் அதற்கு வேறு வார்த்தை தேட வேண்டும். கோதா தேடினாள். 'ஸ்டெடி' என்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். டாக்டரின் அகராதியில் அது உண்டோ இல்லையோ, அவளுடையதில் உண்டு.

அன்றிலிருந்து இதுதான் அவள் சட்டம். ஆள் தேறி வந்தால் ஸ்டெடி. தேறவில்லை என்றால் ஸ்டேபிள், கூடவே ஒரு வரி: "பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துக்கட்டும்." மேனேஜர் இதற்காக முகம் சுளித்தார். கோதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள்! ஒருத்தி காலிலேயே விழுந்தாள். தகுதியில்லாத இடத்தில் கோதா ஸ்டெடி என்று சொன்னதே இல்லை. தனக்குக் கீழே வந்து சேர்ந்த லூர்துராணிக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். "பாவம் பார்த்துச் சொல்லிடாதே. அவங்க மகன் வராம போயிடுவான்."

வீட்டிலும் இதே பேச்சுதான். கணவர் ஜகன்னாத் ஸ்ரீரங்கத்தில் அக்கவுன்டன்சி டியூஷன் எடுப்பவர். "உனக்குச் சம்பளமே அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான்" என்று சீண்டுவார். மகள் வைதேஹி இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டால், "ஸ்டேபிள்மா. ஸ்டெடின்னு சொல்ல முடியாது" என்பாள்.

அந்த வைதேஹி இப்போது பெங்களூரில் சி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஜகன்னாத் அந்தக் காலத்தில் முட்டி மோதிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்ட பரீட்சை. மகளும் இரண்டு தரம் கோட்டைவிட்டு, இந்தத் தரம்தான் நன்றாக எழுதியிருந்தாள். கடைசிப் பேப்பர் ஒன்றுதான் பாக்கி. அதை விட்டால் இதுவரை எழுதியதும் வீண், மறுபடி முதலிலிருந்து. ஜகன்னாத் பெருமாள் சேவிக்கப் போனாலும் இந்த ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசிப் பேப்பருக்கு முந்தின நாள் காலை டியூஷனில், போர்டில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கோதாவின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள்.

இத்தனை வருஷமாக அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவள் இப்போது எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்கும்போது கதவு எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகளிடம் போனில் மயக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். "டாக்டர் பார்த்துட்டு வந்தப்புறம் நீயே சொல்லும்மா. உன் வார்த்தையிலே சொல்லு" என்றிருந்தாள் வைதேஹி.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். கோதாவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். "ஸ்டேபிள், கோதா மேடம்" என்றார். மேடம் மட்டும்தான் கூடுதல். லிஃப்டுக்குள் போய்விட்டார்.

லூர்துராணி பின்னாலேயே வந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"சொல்லு ராணி" என்றாள் கோதா.

"ஸ்டேபிள்க்கா."

"சரியா பார்த்தியா? பிரஷர் தானா நிக்கலையா? கொஞ்சம்கூடவா நிக்கலை?"

"மருந்துலதான்க்கா நிக்குது."

கோதா எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ராணி, ஒரே ஒரு தடவை ஸ்டெடின்னு சொல்லிடேன். எனக்காகச் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." சொல்லும்போதே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை. காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பாள்.

லூர்துராணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துக்கட்டும்க்கா" என்றாள். சொல்லிவிட்டு நிற்கமுடியாமல் உள்ளே ஓடினாள். சொல்லிக் கொடுத்தவளிடமே பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போனாள், பாவி!

போன் அடித்தது. வைதேஹி.

"அம்மா, டாக்டர் வந்தாரா? அப்பா எப்படி இருக்கார்?"

அந்தப் பேப்பர். அவர் வேண்டிக்கொண்ட அந்த ஒரே பேப்பர். நாளைக்குச் சாயங்காலம் முடிந்துவிடும். அதுவரைக்கும் இவர் இருக்க மாட்டாரா? மருந்துதான் பிடித்திருக்கிறதே, ஒரு நாள் பிடிக்காதா?

"ஸ்டெடியா இருக்கார்டி" என்றாள் கோதா.

அந்தப் பக்கம் வைதேஹி ஓவென்று அழுதுவிட்டாள். பயம் விட்டுப்போன அழுகை. "அப்பாடா! ஸ்டேபிள்னு சொல்லிடுவியோன்னு உயிரே போயிடுத்தும்மா. சரி, நான் நாளைக்கு எழுதிட்டுக் கிளம்பி வரேன். அப்பாகிட்டே சொல்லு." போன் வைக்கப்பட்டது.

கோதா நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். காரியம் ஆகிவிட்டது, மகள் பரீட்சை எழுதுவாள். பிறகு வருவாள். வந்து கேட்பாள். சண்டை போடமாட்டாள் அவள், அப்பா மாதிரி சாது. 'நீ ஒரு வார்த்தை சொன்னியேம்மா, அதுக்கு என்ன அர்த்தம்?' என்றுதான் கேட்பாள். கோதா மகளின் எண்ணை அழுத்தினாள். அழுத்தும்போது, ஜகன்னாத் கனவு கண்ட பரீட்சையின் கழுத்தைத் தானே நெரிப்பது போலத்தான் இருந்தது.

"என்னம்மா?"

"ஸ்டேபிள்" என்றாள் கோதா.

பெங்களூரில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது கேட்டது. முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று வைதேஹி கேட்கவில்லை. "பஸ் பார்க்கறேம்மா" என்றாள்.

விடிகாலையில் வந்து சேர்ந்தாள். தோளில் பை, பைக்குள் பரீட்சைப் புத்தகம் அப்படியே இருந்தது. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். கோதா, "நீ போ" என்று அவளைத் தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது. கோதா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெங்களூரில் இன்றைக்கு மத்தியானம் மற்ற பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்துவிடுவார்கள்.

வெகுநேரம் கழித்து வைதேஹி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. இத்தனை வருஷம் அந்த வாசலில் எல்லோரும் தன்னைக் கேட்ட கேள்வியைக் கோதா தன் மகளிடம் கேட்டாள்.

"எப்படிடி இருக்கார்?"

வைதேஹி 'ஸ்' என்று ஆரம்பித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா கை இன்னும் சூடா இருக்கும்மா" என்றாள். "நீயும் போய்ப் பிடிச்சுக்கோ. சீக்கிரம் போ."